திருப்பி வாங்கிய தாம்பூலம்

1

போன ஞாயிற்றுக்கிழமை இந்த ஊர்த் தமிழ்க் கடையில் முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தேன். புதிதாகக் குடிவந்த ஒரு பெண்ணுக்குக் கடைக்கார அம்மாள் என்னை அறிமுகம் செய்துவைத்தார்.

"இவங்கதான்மா, பொண்ணு சடங்குக்குக் குடுத்த தாம்பூலத்தை வீடு வீடாப் போய்த் திருப்பி வாங்கினவங்க."

அந்தப் பெண் என்னை மேலும் கீழும் பார்த்தாள். நான் முருங்கைக்காயைப் பார்த்தேன். பெயர், படிப்பு, வேலை எல்லாம் போய், எனக்கு மிஞ்சிய விலாசம் இதுதான்.

சடங்கு நடந்து இந்த வாரத்தோடு ஒரு வருஷம் ஆகிறது. கடையைவிட்டு வெளியே வந்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. போன வருஷம் சடங்கு முடிந்த அடுத்த மாதம் சோறு இறங்காமல் கிடந்தவள் நான். ஊரில் இருக்கிற உங்கள் காதுக்கு இது கால் முளைத்து, கை முளைத்து வந்து சேர்வதற்குள் நானே எழுதிவிடுகிறேன்.

2

நான் கவரைப்பேட்டைப் பக்கத்துக்காரி. எங்களுக்கு நெல்லைத் தவிர வேறு எதுவும் தெரியாது. பொங்கலுக்குப் பானையில் கட்ட மஞ்சள் கொத்தைக்கூடத் திருவள்ளூர்ச் சந்தையில் வாங்கித்தான் கட்டுவோம். வீட்டிலேயே செடிகொடி படித்தவள் நான் ஒருத்திதான். படித்து முடித்ததும் கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் ஓர் இரும்பாலையின் தோட்டத்தைப் பார்த்துக்கொள்ளும் வேலை கிடைத்தது. அங்கே தொழிற்சாலை என்றால் சுற்றிலும் இத்தனை மரம் இருக்க வேண்டும் என்று விதி. மரம் இருக்கும், ஆலைத் தூசி படிந்து பச்சைதான் இருக்காது. அதிகாரி வருகிற நாளில் விடியலிலேயே பத்துப் பெண்களைக் கூட்டிக்கொண்டு போய், வாளியும் துணியுமாக இலைகளைக் கழுவுவேன். வாசலில் நான்கு தொட்டியில் இஞ்சி ஜாதிச் செடி இருந்தது, சமைக்கிற இஞ்சி இல்லை, அழகுக்கு வைப்பது. பச்சை இலையில் மஞ்சள் கோடு கோடாக ஓடும். துடைத்த ஒரு மணி நேரத்துக்குத்தான் அந்தக் கோடு தெரியும்.

அந்த நான்கு தொட்டிதான் என்னைக் கடல் தாண்ட வைத்தது என்றால் நம்புவீர்களா? ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில், மழையும் வெயிலும் மாறி மாறி அடிக்கிற இந்தச் சின்ன ஊரில், இஞ்சி ஜாதிச் செடிகளை மட்டுமே வளர்த்து விற்கிற ஒரு நர்சரிக்கு ஆள் தேவைப்பட்டது. நான் விண்ணப்பித்தேன். அத்திப்பட்டு அனல்மின் நிலையத்தில் ஒப்பந்த ஃபிட்டராக இருந்த என் கணவர் சேகரும், அப்போது எட்டு வயதாக இருந்த மகள் யாழினியும் என் விசாவில் தொற்றிக்கொண்டு வந்தார்கள். நிரந்தரமாக இங்கேயே இருப்பதற்கான பி.ஆர். விண்ணப்பத்தையும் என் முதலாளி அம்மாள் ஹெலன்தான் கையெழுத்துப் போட்டு அனுப்பியிருந்தார். பதில் வரவில்லை. வேலை போனால் விசா போகும், விசா போனால் மூன்று பேரும் மூட்டை கட்ட வேண்டும். இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

வேலை எனக்குப் பிடித்த வேலை. கிழங்கைக் கத்தியால் பிரித்து, வெட்டுவாய் ஆற ஒரு நாள் நிழலில் போட்டு, பிறகு நட வேண்டும். ஒன்று தீப்பந்தம் மாதிரி சிவப்பாக மண்ணிலிருந்து நேரே எழும்பும். இன்னொன்று சங்கு சங்காகத் தொங்கும். தேன்கூட்டை அப்படியே செதுக்கி வைத்த மாதிரி ஒன்று, பிழிந்தால் ஷாம்பு மாதிரி நுரை வரும். அரத்தையின் இலையைக் கசக்கினால் நாட்டு மருந்துக் கடைக்குள் நுழைந்த மாதிரி இருக்கும். சாயங்காலம் வீட்டுக்குப் போனால் யாழினி தள்ளி நிற்பாள். "அம்மா, யூ ஸ்மெல் லைக் ரசம்" என்பாள். எனக்கு அது பாராட்டு, அவளுக்கு அது புகார்.

3

பதின்மூன்று வயதில் அவள் பெரியவளானாள். சடங்கு வைக்கப்போகிறோம் என்றதும் ஒரே ரகளை. "எல்லாருக்கும் சொல்வீங்களா? வெக்கமா இல்லையா உங்களுக்கு?" கடைசியில் பள்ளிக்கூடத்துத் தோழிகளிடம் பிறந்தநாள் விழா என்று சொல்லிக்கொண்டு, பட்டுப்பாவாடையைக் கட்டிக்கொண்டு உம்மென்று உட்கார்ந்தாள். வேண்டாவெறுப்பாக உட்கார்ந்தாலும் அழகாகத்தான் இருந்தாள், என் கண்ணே பட்டிருக்கும்.

வருகிறவர்களுக்குத் தாம்பூலத்தோடு என்ன கொடுப்பது? எவர்சில்வர் டப்பா எல்லாரும் கொடுக்கிறார்கள். செடி படித்தவள் வீட்டு விசேஷம், செடிதானே கொடுக்க வேண்டும்? எங்கள் வாடகை வீட்டுக்குப் பின்னால் ஓர் ஓடை. அதன் கரையில் ஆள் உயரத்துக்கு ஓர் இஞ்சி ஜாதி புதராக மண்டிக் கிடந்தது. இலை மஞ்சள் இலை மாதிரியே இருக்கும். அந்த மாதம்தான் பூத்திருந்தது. முழங்கை நீளப் பூங்கொத்து, இதழ் மஞ்சள், அதிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கிற மகரந்தக் கேசரம் சுத்தச் சிவப்பு. மஞ்சளும் குங்குமமும் ஒரே தண்டில்! வாசனையோ, பின்கதவைத் திறந்தால் சமையலறை வரை வரும். மங்கலப் பொருளுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

எங்கள் ஊரில் வரப்பில் தானாக முளைத்த பொன்னாங்கண்ணியை யாரும் யாரையும் கேட்டுப் பறிப்பதில்லை. அதே புத்திதான். யாரையும் கேட்கவில்லை, எதையும் புரட்டிப் பார்க்கவில்லை. நர்சரியில் கழித்துப்போட்ட தொட்டிகளை ஹெலனிடம் கேட்டு வாங்கிவந்து, கிழங்கைப் பிரித்து, நாற்பத்து மூன்று தொட்டியில் நட்டேன். ஒவ்வொன்றுக்கும் மஞ்சள் கயிறு கட்டி, வெற்றிலை பாக்கோடு நாற்பத்து மூன்று வீட்டுக்குக் கொடுத்தேன். வாங்கியவர்கள் எல்லாரும் முகர்ந்து பார்த்துவிட்டு "ஆஹா" என்றார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

4

மூன்று வாரம் கழித்து, நர்சரியின் தேநீர் அறைச் சுவரில் ஊர் நிர்வாகமான கவுன்சில் அனுப்பிய புதுச் சுவரொட்டியை யாரோ ஒட்டியிருந்தார்கள். அதில் என் பூ. மஞ்சள் இதழ், சிவப்புக் கேசரம், எல்லாம் அப்படியே. கீழே கொட்டை எழுத்தில் 'காஹிலி இஞ்சி' என்று பெயர். காட்டையும் ஓடையையும் அடைத்து, மற்ற செடிகளை முளைக்கவிடாமல் செய்கிற களை. பறவைகள் விதையைத் தின்று ஊரெல்லாம் போடும். கிழங்கில் ஒரு துண்டு கிடந்தாலும் முளைக்கும். விற்பது குற்றம், இன்னொருவருக்குக் கொடுப்பதும் குற்றம், அபராதம் உண்டு.

நான் ஒன்று கொடுக்கவில்லையே, நாற்பத்து மூன்றல்லவா கொடுத்திருக்கிறேன்! அதுவும் ஒவ்வொரு தொட்டியின் வயிற்றிலும் ஹெலனுடைய நர்சரியின் பெயர் அச்சடித்திருக்கிறது. இஞ்சி விற்றே பேர் வாங்கிய நர்சரி களையைப் பரப்பியது என்று ஆகிவிட்டால், அந்த அம்மாள் என்னை வைத்துக்கொள்வாரா? ஓடைக்கரையில் இருப்பது என்ன என்று ஒரு நிமிஷம் தேடிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். செடி படித்தவளாம்!

அன்று சாயங்காலமே கவரைப்பேட்டையில் இருக்கும் என் அக்கா தனலட்சுமிக்குப் போன் போட்டேன். அக்கா ஸ்டேஷன் பக்கத்தில் நாஷ்டா கடை வைத்திருக்கிறாள். பின்னால் தோசைக்கல் சத்தம் கேட்டது.

"இன்னாடி சொல்ற? குடுத்த தாம்பூலத்த திருப்பிக் கேக்கப் போறியா? சோறு துன்ற ஊட்ல யாராச்சும் அப்டி செய்வாங்களா?"

"அது கெட்ட செடிக்கா. கவர்ன்மெண்ட்ல தடை பண்ணியிருக்காங்க."

"செடி இன்னா செடியா இருந்தா இன்னா, பொண்ணு பேர்ல குடுத்ததுடி அது. திருப்பி வாங்குனா புள்ளைக்கு ஆவுமா? அவங்களும் பயந்துக்கினு குடுக்க மாட்டாங்கோ. ஊர் சிரிக்கும்."

"அப்ப நான் என்னக்கா பண்றது? விசா போயிடும்போல இருக்கு."

அக்கா யாருக்கோ சட்னி ஊற்றினாள். "இன்னா பேஜாரா போச்சு உன்னோட. சரி, இப்டி செய். செடிய கேக்காத. தொட்டிய கேளு. தொட்டி கம்பெனிது, திருப்பிக் குடுக்கணும்னு சொல்லு. தொட்டியோட செடியும் வந்துரும்ல?"

என்ன மூளை என்று வியந்துபோனேன். உண்மையைச் சொல்லவும் வேண்டாம், அபசகுனமும் இல்லை. அன்றைக்கே வாட்ஸப் குழுவில் போட்டேன்: 'தொட்டிகள் நர்சரிக்குச் சொந்தமானவை. தயவுசெய்து ஞாயிற்றுக்கிழமைக்குள் திருப்பித் தரவும்.'

5

ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் வந்தார்கள். நாற்பத்து மூன்று தொட்டியும் வந்தது. செடிதான் ஒன்றுகூட வரவில்லை.

நம் ஆட்கள் இரவல் பாத்திரத்தை என்றைக்காவது வெறுமையாகத் திருப்பிக் கொடுத்திருக்கிறார்களா? ஒரு தொட்டியில் எலுமிச்சம்பழம். ஒன்றில் சீப்பு வாழைப்பழம். ஒன்றில் முறுக்கு, தொட்டியை நன்றாகக் கழுவித் துடைத்து, வாழை இலை விரித்து அடுக்கியிருந்தார்கள். ஆறாவது மாடி வீட்டில் இருக்கும் கோதை மாமி, திருவள்ளூரில் பெருமாள் கோயில் கைங்கரியம் செய்கிற குடும்பத்தில் பிறந்தவர், தொட்டி விளிம்பு வரை கற்கண்டை நிரப்பிக் கொண்டுவந்து வைத்துவிட்டு, உட்காராமல் உடனே போய்விட்டார்.

"செடி எங்கங்க?" என்று ஒருத்தரிடம் கேட்டேன்.

"கவலையே படாதீங்க! தொட்டி வேணும்னு சொன்னதும் பின்னாடி தோட்டத்துல நட்டுட்டோம். மண்ணுல வெச்சதும் என்னமா வருது தெரியுமா!"

தொட்டியில் அடங்கிக் கிடந்த களையை ஊரெல்லாம் மண்ணில் இறக்கியாகிவிட்டது, அதுவும் என் வேண்டுகோளின்பேரில். கூடம் முழுக்கப் பழமும் முறுக்குமாக இருக்க, நான் நடுவில் தரையில் உட்கார்ந்தேன். சேகர் ஒரு முறுக்கை எடுத்துக் கடித்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு" என்றார். அப்போது வந்த ஆத்திரத்தை எழுதினால் நீங்கள் என்னை மதிக்க மாட்டீர்கள்.

யாழினி படிக்கட்டில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். "ஏம்மா உண்மையைச் சொல்லல? சொல்லிட்டா முடிஞ்சுதே" என்றாள். அவ்வளவு சுலபம் இல்லை என்று கத்தினேன். ஏன் சுலபம் இல்லை என்று அவள் திருப்பிக் கேட்டாள்.

6

மறுநாள் காலை ஹெலனிடம் போய் நின்றேன். இரவெல்லாம் மனதுக்குள் ஒத்திகை பார்த்துவைத்த ஆங்கிலம் மொத்தமும் மறந்துபோனது. போனில் பூவின் படத்தைக் காட்டி, நாற்பத்து மூன்று என்று விரலால் மேஜையில் எழுதிக் காட்டினேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், திரும்பப் போட்டுக்கொண்டார். பிறகு என் எதிரிலேயே போனை எடுத்துக் கவுன்சிலைக் கூப்பிட்டார். சரி, இன்றைக்கே மூட்டைதான் என்று முடிவுகட்டினேன்.

அரைக்கால் சட்டை போட்ட ஓர் அதிகாரி மத்தியானம் வந்தார். ஒரு படிவத்தை நீட்டினார். அதில் ஒரு கேள்வி: 'எந்த வணிக நோக்கத்துக்காக வழங்கினீர்கள்?' வணிகமே இல்லை என்றேன். பின்னே எதற்கு என்றார். மகள் பெரியவளானதற்கு மரியாதை என்றேன். அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு ஹெலனைப் பார்த்தார். ஹெலன் சிரிப்பை அடக்கிக்கொண்டு ஜன்னலைப் பார்த்தார். கடைசியில் 'குடும்ப விழா' என்று எழுதிக்கொண்டார்.

தானாக வந்து சொன்னதால் அபராதத்தை இப்போதைக்கு நிறுத்திவைப்பதாகச் சொன்னார். ஆனால் நாற்பத்து மூன்றும் கிழங்கோடு வர வேண்டும், கறுப்புப் பையில் கட்டி அவரிடம் ஒப்படைக்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் கோப்பை மூட முடியாது. கோப்பு திறந்திருக்கும்வரை உன் விசா தாளில் என் பேரைத் தைரியமாக வைத்துக்கொள்ள முடியாது என்று ஹெலனும் நேராகச் சொல்லிவிட்டார். சொன்னதோடு விடவில்லை. சமையல் மஞ்சள் வளர்க்கிற கொட்டகைக்கு அழைத்துப்போய், "ஒன்றை வாங்கினால் ஒன்றைக் கொடு. அவர்களுக்கு நஷ்டம் வரக் கூடாது" என்றார். அந்த அம்மாளைக் கட்டிக்கொண்டு அழுதேன். அவர் மரம் மாதிரி நின்றார், பாவம், பழக்கமில்லை.

போனில் இதைக் கேட்ட அக்கா, "அப்ப திருப்பி வாங்கறது இல்லடி, மாத்திக்கறது. மாத்திக்கலாம், தப்பில்ல" என்று தீர்ப்பைத் திருத்திக்கொண்டாள்.

7

நான்கு சனி, ஞாயிறு. இலை பழுக்க ஆரம்பித்திருந்த மஞ்சள் செடிகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு வீடு வீடாகப் போனேன். கூட யாழினி. அவள்தான் பட்டியலை வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றாக டிக் போட்டாள். வண்டியைவிட்டு மட்டும் இறங்க மாட்டாள். நான் வாசலில் நின்று உண்மையைச் சொல்வேன். முதல் வீட்டில் நாக்கு ஒட்டிக்கொண்டது, பத்தாவது வீட்டில் கதை சொல்கிற மாதிரி வந்துவிட்டது. சிலர் சிரித்தார்கள். ஒருவர் கடப்பாரையோடு வந்து அவரே தோண்டிக் கொடுத்தார். ஒரு வீட்டில் கணவன் கொடு என்கிறான், மனைவி கூடாது என்கிறாள். மஞ்சளைக் காட்டியதும் அவளும் இறங்கிவந்தாள். யாரும் அடிக்கவில்லை, வையவில்லை. இதற்கா ஒரு மாதம் செத்துப் பிழைத்தேன் என்று இருந்தது.

நாற்பத்து இரண்டு சேர்ந்தது. கோதை மாமி வீடு மட்டும் திறக்கவில்லை. போன் செய்தால், "இன்னிக்கு சௌகரியப்படாதுடீ" என்பார். நேரில் போய் அழைப்பு மணி அடித்தால், உள்ளே நடமாடுகிற சத்தம் கேட்கும், கதவு திறக்காது. அதிகாரி வெள்ளிக்கிழமை வரச் சொல்லியிருந்தார். வியாழக்கிழமை சாயங்காலம், இதற்கு மேல் பொறுக்க முடியாது என்று யாழினியையும் இழுத்துக்கொண்டு ஆறாவது மாடிக்குப் போய்க் கதவைத் தட்டினேன். "மாமி, திறக்கிற வரைக்கும் போக மாட்டேன்!"

மாமி திறந்தார். முகம் வெளிறியிருந்தது. நான் மஞ்சள் தொட்டியை நீட்டினேன், அவர் வாங்கவில்லை.

"எங்கிட்ட அந்தச் செடி இல்லடீம்மா."

"யாருக்காவது குடுத்திட்டீங்களா?"

மாமி யாழினியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். "செத்துப் போயிடுத்து. பால்கனில வெச்சேன். மேற்கு வெயில். பத்தே நாள்ல கருகிடுத்து. கொழந்தை பேர்ல குடுத்த மங்கலச் செடி, என் கையால வாடிடுத்தே! நோக்கு எப்படிச் சொல்வேன்? எந்த மூஞ்சிய வெச்சிண்டு உன்னைப் பாப்பேன்?"

என் வாய் முந்திக்கொண்டது. "செத்துப் போச்சா! நெஜமா செத்துப் போச்சா? மாமி, நீங்க நல்லா இருக்கணும்!" அவரைப் பிடித்துக் குலுக்கிவிட்டேன். எனக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்றே மாமி நினைத்தார். நாற்காலியில் உட்காரவைத்து, சுவரொட்டியிலிருந்து வெள்ளிக்கிழமைக் கெடு வரை எல்லாவற்றையும் சொன்னேன். காய்ந்த கிழங்கையாவது தூக்கிப் போட்ட இடம் தெரியுமா என்று கேட்டேன்.

"தூக்கிப் போடறதாவது!" மாமி எழுந்து பூஜை அலமாரிக்குப் போனார். பெருமாள் படத்துக்குப் பின்னாலிருந்து மஞ்சள் துணி முடிச்சு ஒன்றை எடுத்துவந்தார். உள்ளே சுருங்கிக் கறுத்த கிழங்கு. விரலால் கீறிப் பார்த்தேன். நடுவில் இன்னும் ஈரம் இருந்தது. விட்டிருந்தால் முளைத்திருக்கும், பொல்லாத ஜாதி. நாற்பத்து மூன்று! இனி அதிகாரி கோப்பை மூடலாம்.

மாமி இன்னும் அழுதுகொண்டிருந்தார். "திருவள்ளூர்ல எங்கண்ணாகிட்டச் சொல்லி, அமாவாசைக்கு அமாவாசை கோயில் குளத்துல இவ பேருக்கு வெல்லம் கரைக்கச் சொல்லிண்டிருக்கேன். ரெண்டு அமாவாசை ஆச்சு. செடி வாடின தோஷம் கொழந்தைய அண்டப்படாதேன்னு."

உடம்பில் வந்த நோய், வெல்லத்தோடு அந்தக் குளத்தில் கரையும் என்பது எங்கள் பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும். யாழினிக்குத் தெரியாது. வாசலிலேயே நின்றுகொண்டிருந்தவளுக்கு நான் ஆங்கிலத்தில் சொல்ல ஆரம்பித்தேன். "புரியுதும்மா" என்று கையமர்த்தினாள். செருப்பைக் கழற்றினாள். உள்ளே வந்து, மாமியின் எதிரில் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். எந்த வீட்டுக்கும் இறங்கி வராதவள்.

"மாமி, என்னைப் பாருங்க. மேத்ஸ்ல ஃபர்ஸ்ட். நீச்சல்ல ஃபர்ஸ்ட். ஒரு ஜொரம்கூட வரல." மாமியின் கையை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். "வெல்லம் வேலை செஞ்சிருக்கு மாமி."